லைல் போட்ட டிரைவரை நீக்கிவிட்டேன்

லைல்,

நம் லேப்டாப்பில் திரை வந்துவிட்டது. உன் தயவால் அல்ல.

உன் விளையாட்டுக்காக நேற்று நீ போட்ட கிராபிக்ஸ் டிரைவரால் காலையில் திரை இருண்டு கிடந்தது. எனக்கோ ஆன்லைன் வகுப்பு. உனக்குப் போன் செய்தால், ஸ்பீக்கரில் போட்டு நண்பர்கள் கேட்க, "என்ன கோளாறுன்னு எல்லாம் லாக் ஃபைல்ல எழுதியிருக்கும். முதல்ல படி, படிச்சிட்டு அப்புறம் என்கிட்ட கேளு" என்றாய். அவர்கள் சிரித்தது எனக்கும் கேட்டது.

எழுத்து மட்டும் வரும் ரெக்கவரி திரையைத் திறந்து படித்தேன். மறுபடி இயங்கும்போது, இந்தப் புது டிரைவரை நம்பலாமா என்று நீலத் திரையில் லேப்டாப் உன்னிடம் கேட்டிருக்கிறது. நீ படிக்காமலே என்டரைத் தட்டி, சம்மதம் சொல்லாமல் தாண்டிப் போயிருக்கிறாய். அதனால் லேப்டாப் அந்த டிரைவரை உள்ளே விடவில்லை.

அதை அடியோடு நீக்கிவிட்டு, லேப்டாப்பில் உள்ள லினக்ஸோடு வரும் இலவச டிரைவரைப் போட்டுவிட்டேன். என் வகுப்புக்கு அது போதும். உன் விளையாட்டு நத்தையாய் ஊரும். சாயங்காலம் அதே நண்பர்கள் வருகிறார்களாமே, விளையாடிக் காட்டு.

நான் என் அக்கா வீட்டுக்குப் போகிறேன். ஃபிரிட்ஜில் ஹாட்டிஷ் இருக்கிறது, இறைச்சியும் உருளைக்கிழங்கும் போட்டு ஒரே தட்டில் செய்தது. உனக்குப் பிடிக்காத பட்டாணியை அள்ளிப் போட்டிருக்கிறேன்.

கிரெட்டா

பி.கு: ஓவனில் எவ்வளவு சூடு வைப்பது என்று மூடியில் எழுதி ஒட்டியிருக்கிறேன். முதல்ல படி. படிச்சிட்டு அப்புறமும் என்கிட்ட கேக்காத.