பானெட்டின் உள்பக்கம்

நவம்பர் 9, ஞாயிறு

பேசுகிறேன். போன் எழுதிக்கொள்ளட்டும். வீட்டில் பேசுவதுபோல் பேசினால் அது கன்னாபின்னாவென்று எழுதுகிறதாம். "ரேடியோல நியூஸ் வாசிப்பாங்களே, அப்படிப் பேசுங்க மாமா" என்று மருமகள் வைஷு சொல்லிக் கொடுத்தாள். எனக்கு எழுதவும் தெரியாது, எழுதினதைப் படிக்கவும் தெரியாது. என் பெண்டாட்டி பட்டு இருந்தவரை ராத்திரி சாப்பிடும்போது அவளிடம் சொல்வேன். இப்போது இதனிடம்.

இன்று சாகண் போனோம். மராத்திக்கார மெக்கானிக் காளேயின் ஷெட்டில் என் வண்டி நிற்கிறது. தளேகாவ் பாக்டரியில் நான் ஓட்டிய தீயணைப்பு வண்டி. பாக்டரி கழித்துக்கட்டிய பிறகு யாரோ ஒருவரின் வெங்காயத் தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டியாகக் கிடந்தது. மகன் பாஸ்கர் தேடிப் பிடித்துவிட்டான். அம்மா நினைவாக ஓட வைக்கப் போகிறானாம். தை மாதம் அவளுக்கு வருஷம் திரும்புகிறது. அன்றைக்கு வண்டி எங்கள் கோந்த்வா வீட்டு வாசலுக்கு வர வேண்டும். பிப்ரவரியில் பழைய வண்டிகளின் ஊர்வலம் இருக்கிறது, அதற்கும் பேர் கொடுத்துவிட்டான்.

பட்டுவுக்கு அதில் ஒரு தடவை ஏற ஆசை. பொம்பளைகளை ஏற்றக்கூடாது என்று பாக்டரியில் சட்டம். மணி அடித்து நான் கிளம்பும்போது குவார்ட்டர்ஸ் வாசலில் நிற்பாள். என்னைப் பார்க்க மாட்டாள், வண்டியைத்தான் பார்ப்பாள். "கூட்டிக்கினு போற இல்ல, கூட்டிக்கினு வந்து வுட்ரு." பேச்செல்லாம் அதனோடுதான்.

பானெட் துருப்பிடித்து இறுகிப் போயிருக்கிறது. திறக்க வரவில்லை.

நவம்பர் 23, ஞாயிறு

இன்று பானெட் திறந்தது.

இடது பக்கத்து மூடியைக் காளே தூக்கி நிறுத்தினார். உள்பக்கம் வரிசையாகப் பொட்டு. அப்படியே இருக்கிறது.

ஆயுத பூஜைக்கு வண்டிக்குப் பொட்டு வைப்பது எல்லாரும் செய்கிறதுதான். வெளியே வைத்தால் எங்கள் ஆபீசர் திட்டுவார். அதனால் பட்டு மூடியைத் தூக்கி உள்ளே வைப்பாள். குங்குமத்தை நல்லெண்ணெயில் குழைத்து மோதிர விரலால் அழுத்தி ஒன்று. போன வருஷத்துப் பொட்டுக்குப் பக்கத்தில் இந்த வருஷத்தது. என்னைத் துடைக்க விட்டதில்லை. இஞ்சின் சூட்டில் வெந்து கருத்து, தகரத்தோடு ஒட்டிவிட்டது. வெளியே எத்தனையோ தடவை பெயிண்ட் அடித்தார்கள். உள்ளே யார் பார்த்தார்கள்?

மூன்றாவது பொட்டு கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். பாஸ்கர் வயிற்றில் இருந்தான், அவளால் எக்க முடியவில்லை. அதற்கப்புறம் ஒரு பொட்டு அளவுக்கு வெற்றிடம். அந்த வருஷம் அவள் அப்பா செத்துப் போனார், பண்டிகை இல்லை. ஆனாலும் மறு வருஷம் இடம் விட்டுத்தான் வைத்தாள். கோணலாக ஒன்று. வலது கையில் கஞ்சி கொட்டிப் புண், இடது கையால் வைத்தது.

மூடிவிடட்டுமா என்று காளே இரண்டு தடவை கேட்டாராம். எனக்குக் காதில் விழவில்லை.

டிசம்பர் 7, ஞாயிறு

பெயிண்டர் வந்தான். பாஸ்கர் அவனிடம் பானெட்டின் உள்பக்கத்தைக் காட்டினான். "இதையும் நல்லா தேச்சிடு."

நான் குறுக்கே போய் நின்றேன்.

"என்னாப்பா? ஊர்வலத்துல ஜட்ஜுங்க பானெட்டைத் தொறந்து பாப்பாங்க. இந்தத் துருவைப் பாத்தா மார்க் போயிடும்."

"துரு இல்லடா. உங்கம்மா வச்ச பொட்டு."

குனிந்து பார்த்தான். "சரி, போட்டோ எடுத்துக்கலாம். பெருசா ஃப்ரேம் போட்டு ஹால்ல மாட்டலாம்."

"ஏன், ஏற்கெனவே ஒரு போட்டோ மாட்டி மாலை போட்டியே, அது பத்தலையா?"

அவன் முகம் சுண்டிப் போயிற்று. அந்த வார்த்தை எதற்கு எனக்கு? வண்டியைத் தேடி அலைந்தவன் அவன். 

டிசம்பர் 8, திங்கள்

இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. வைஷு ஒரே தோசையைப் பிய்த்து இரண்டு தட்டில் வைத்துவிட்டு, "சண்டை முடிஞ்சாத்தான் அடுத்த தோசை" என்றாள்.

டிசம்பர் 21, ஞாயிறு

நான்தான் கூப்பிட்டேன். "பாஸ்கரு, இங்க வா." பானெட்டைத் தூக்கி, பொட்டு வரிசைக்கு அடியில் கடுகத்தனை ஒன்று இருப்பதைக் காட்டினேன்.

"இது?"

"உன் விரலு. இடுப்புல தூக்கி வச்சிக்கினு, உன் விரலைப் புடிச்சி அவதான் அழுத்தினா. நீ அதே கையால என் காக்கிச் சட்டையெல்லாம் பூசி வச்சே."

பாஸ்கர் தன் சுண்டு விரலை அதன்மேல் வைத்துப் பார்த்தான். மறைந்து போயிற்று. விரலை எடுத்தான், திரும்பவும் வைத்தான். பிறகு வெளியே போய்ப் போன் பேசுகிறவன் மாதிரி கையைக் காதில் வைத்துக்கொண்டு நின்றான். போன் வண்டிக்குள் கிடந்தது.

திரும்பி வந்து காளேயிடம் சொன்னான். "இந்த ஒரு மூடிக்கு மட்டும் பெயிண்ட் வேணாம். ஜட்ஜ் என்ன சொன்னா என்ன."

காளே ஏன் என்று கேட்டார். மராத்தியில் எல்லாம் சொன்னேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பானெட்டைப் பார்த்தார் அந்த மனிதர்.

இன்று நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜனவரி 4, ஞாயிறு

ஷெட்டில் நுழைந்ததும் காளே என் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். முகமெல்லாம் சிரிப்பு. குளித்து, நெற்றியில் பொட்டு வைத்திருந்தார். பானெட்டைத் திறந்தார்.

உள்ளே முழுக்கச் செந்தூரம். கெட்டியாக, எண்ணெய் மினுமினுக்க, இந்த ஊரில் மாருதி சாமி சிலைக்கு அப்பியிருப்பார்களே, அந்த மாதிரி. ஒரு பொட்டும் கண்ணுக்குத் தெரியவில்லை.

"வஹினியோட, எங்க அண்ணியோட கை ஆச்சே அண்ணா. வெறுமனே விடலாமா? என் பெண்டாட்டியும் நானும் விரதம் இருந்து பூசினோம்" என்றார்.

பாஸ்கர் வாயைத் திறந்தான். நான் அவன் கையை அழுத்தினேன். இவர்கள் ஊரில் கும்பிடுகிற கல்லுக்கெல்லாம் மேலே மேலே பூசித்தான் மரியாதை செய்வார்கள். எங்கள் வீட்டு மனுஷிக்கும் அதையே செய்திருக்கிறார். அவரை என்ன சொல்வது? நன்றி சொன்னேன். அவர் மனைவி கொடுத்த டீயைக் குடித்தேன்.

உள்ளே இருக்கிறாள். மேலே மூடியிருக்கிறது, அவ்வளவுதான். சுரண்டினால் அவளும் சேர்ந்து வருவாள். அப்படியே இருக்கட்டும் என்று பாஸ்கரிடம் சொன்னேன்.

ஜனவரி 18, ஞாயிறு

பட்டுவுக்கு வருஷம். காலையில் ஐயர் வந்து திதி முடிந்தது. மத்தியானம் வண்டியை எடுத்தோம். நெடுஞ்சாலை முழுக்கக் காளே ஓட்டினார். இடது சீட்டில் வைஷு ஏறி உட்கார்ந்து, "இது அத்தை சீட்டு" என்றாள். அது லீடிங் ஃபயர்மேன் சீட்டு. நான் திருத்தவில்லை. வழியெல்லாம் ஜனங்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் தெருமுனையில் காளே ஸ்டியரிங்கை என்னிடம் கொடுத்தார். கேட் வாட்ச்மேன் சல்யூட் அடித்தான்.

வாசலில் நிறுத்திப் பானெட்டைத் தொறந்தேன்.

போச்சு. எல்லாம் போச்சு. அவ்ளோ தூரம் ஓடுன சூடு — செந்தூரம் அத்தனையும் உருகி இஞ்சின் மேல வடிஞ்சி கெடக்கு. அந்த எண்ணெயில ஊறி அவ வச்சதும் கூடவே கழண்டு வந்துடுச்சி. அங்கங்க வெறும் தகரம். கோணப்பொட்டு எங்க? பையன் விரலு எங்க? இத்தினி வருசம் சூட்டுல வெந்தே நின்னுச்சே. என்னா பட்டு. இன்னிக்கா. இன்னிக்கேவா.

ஜனவரி 19, திங்கள்

துடைத்தேன். துணியில் சிவப்பும் வந்தது, கருப்பும் வந்தது. எது யாருடையது என்று பிரிக்க முடியவில்லை. வைஷு துணியை வாங்கிக்கொண்டு போனாள். என்ன செய்தாள் என்று கேட்கவில்லை.

காளே போனில் அழுதார். அவரை நான் தேற்றிக்கொண்டிருந்தேன். எனக்கே வேடிக்கையாக இருந்தது.

"இருக்கிறது இருக்கட்டும்பா, அப்படியே வுட்ரலாம்" என்றான் பாஸ்கர்.

"என்னா இருக்குது? வெறும் தகரம். மழை வந்தா துரு ஏறும். பெயிண்டரைக் கூப்பிடு."

அவன் கூப்பிடவில்லை. நான்தான் காளேயிடம் சொன்னேன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஊர்வலம். ஏகப்பட்ட கூட்டம். காளே புதுத் தொப்பி போட்டுக்கொண்டு மனைவியோடு வந்திருந்தார். என் பக்கத்திலேயே நின்றார், ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் தோளில் கை போட்டுக்கொண்டேன்.

கோட்டு போட்ட ஜட்ஜ் ஒருவர் வண்டியைச் சுற்றி வந்தார். டயரைத் தட்டினார், பம்பைத் தொட்டார். பானெட்டைக் காட்டச் சொன்னார். பாஸ்கர் நகரவில்லை. நான்தான் இடது பக்கத்து மூடியைத் தூக்கிப் பிடித்தேன். உள்ளே புதுச் சிவப்பு. முகம் பார்க்கலாம்.

அவர் தலையை நுழைத்து வெகுநேரம் பார்த்தார். "உள்ளேகூட ஒரு கறை இல்லையே, பெரியவரே" என்று இந்தியில் சொன்னார்.

"இல்லை சாப்" என்றேன்.