கோத்தா பாரு சந்தைக்குப் போக வேண்டாம்

கோலா சிலாங்கூர்
5 மே 2024

அன்பு மகள் லோகேஸ்வரிக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் நலம். உனக்குச் சளி விட்டதா? விடுதிச் சாப்பாட்டில் காரமே இல்லை என்று எழுதியிருந்தாய். ஊறுகாய் அனுப்பினால் போன முறை மாதிரி போத்தல் உடைந்து புத்தகமெல்லாம் எண்ணெயாகும். நேரில் வரும்போது தருகிறேன்.

தோட்டத்தில் நாற்றுப்பண்ணை வேலை கூடிவிட்டது. இந்த மாதம் செம்பனைக் கன்றுகளைப் பெரிய பைக்கு மாற்ற வேண்டும். ஒன்பது பெண்களை வைத்து நான்தான் பார்த்துக்கொள்கிறேன். வெயிலும் மழையும் ஒரே நாளில் வருகிறது.

உன் அப்பா செய்தி அனுப்பியிருந்தார். பள்ளி விடுமுறையில் உன்னை மூன்று நாள் கோத்தா பாருவுக்கு அழைத்துப் போகிறாராம். அவரும், அவருடைய இப்போதைய வீட்டுக்காரி திலகமும். என் சம்மதம் வேண்டுமாம். செய்தியில் ஓர் எழுத்துப் பிழைகூட இல்லை. பத்து வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியவள் நான். அதை யார் எழுதிக் கொடுத்தது என்று எனக்குத் தெரியாதா.

சம்மதம் சொல்லிவிட்டேன். போய் வா, கடலைப் பார். ஆனால் கூடவே வந்த பட்டியலில் இரண்டாம் நாள் காலை சித்தி கதீஜா பாசார் என்று அந்த ஊர்ச் சந்தையைப் போட்டிருக்கிறது. அங்கே மட்டும் போக வேண்டாம். கூட்டம் அதிகம். தரையெல்லாம் ஈரமாக இருக்கும். கருவாட்டு வாடை உன் மூக்குக்கு ஆகாது. இருப்பதே மூன்று நாள், அதில் ஒரு காலையைக் கொண்டுபோய்ச் சந்தையில் கொட்டுவதா? கத்தரிக்காயை இங்கே பார்க்க முடியாதா?

மற்றபடி உன் இஷ்டம். வேளைக்குச் சாப்பிடு.

உன் அம்மா
உஷாராணி

சபாக் பெர்ணம், மாணவியர் விடுதி
11 மே 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுதான் கைக்கு வந்தது. சளி போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் பேசலாம் என்றால் ஒரு ஃபோனுக்கு முப்பது பேர் வரிசை. பின்னால் நிற்பவள் என் காதுக்குள்ளேயே நிற்கிறாள். அதனால் எழுதுகிறேன்.

சந்தை விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அங்கே போனதே இல்லையே அம்மா. தரை ஈரமாக இருக்கும் என்று எப்படித் தெரியும்?

போன வாரம் அப்பாவும் திலகம் ஆன்ட்டியும் விடுதிக்கு வந்திருந்தார்கள். அப்பா வாசலில் காவலாளியுடன் பேசிக்கொண்டிருந்தபோது ஆன்ட்டி என்னிடம் தனியாகச் சொன்னார்: "லோகா, ரெண்டாவது நாள் காலையில பாசார் போட்டிருக்கேன். ஒனக்குப் பிடிக்கலன்னா சொல்லு, மாத்திக்கலாம் லா. நீ சொல்றதுதான்."

ஆக, முடிவு என் கையில் இருக்கிறது. எனக்குப் போக ஆசைதான். என் அறைத்தோழி ஒருத்தி அந்த ஊர்க்காரி. கடை வைத்திருப்பவர்கள் முக்கால்வாசி பெண்கள்தானாம், மாடியில் நின்று கீழே பார்த்தால் காய்கறிக்கு நடுவில் அவர்கள் உட்கார்ந்திருப்பது தெரியுமாம். அவள் சொல்லச் சொல்ல எனக்கு இப்போதே போக வேண்டும் போல் இருக்கிறது.

நீங்கள் எழுதியது காரணம் இல்லை. உண்மையான காரணத்தைச் சொல்லுங்கள். சொன்னால் யோசிக்கிறேன்.

அன்பு மகள்
லோகா

கோலா சிலாங்கூர்
15 மே 2024

என் கண்ணு லோகாவுக்கு,

காரணம் கேட்டாய். பதில் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று இரண்டு நாள் பார்த்தேன். முடியவில்லை.

அந்தச் சந்தையின் படத்தை நான் முதலில் பார்த்தது தோட்ட ஆபீஸ் காலண்டரில். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வேலை வாங்கும் மண்டோரிடம் தினமும் திட்டு வாங்கிக்கொண்டு பையில் மண் நிரப்பிக்கொண்டிருந்தேன். படத்தில் அந்தப் பெண்கள் மேடை மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் கடைக்குத் தானே முதலாளி. விலையை அவள் சொல்வாள், மற்றவர்கள் கேட்க வேண்டும். அதை ஒரு முறை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டேன்.

கல்யாணமாகி ஆறாவது மாதம், 2007இல், உன் அப்பாவுக்குக் கம்பெனி வேலையாகக் கோத்தா பாரு போக வேண்டி வந்தது. என்னையும் வேனில் கூட்டிப் போனார். வேலை முடிந்ததும் அந்தச் சந்தை வாசலிலேயே வேனை நிறுத்தினார். நான் கொண்டையைச் சரி செய்துகொண்டு செருப்பை மாட்டினேன். அவர் இறங்கவில்லை. "பாசார்ல என்னா பாக்கப் போற? பொம்பளைங்க பேரம் பேசறத பாக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றார். ஒரு சிகரெட்டைப் பிடித்து முடித்தார். வேன் கிளம்பிவிட்டது. கண்ணாடி வழியாக ஒரு தூண், ஒரு வாழைத்தார், யாரோ ஒருத்தியின் முதுகு. நான் பார்த்தது அவ்வளவுதான்.

எனக்குப் பெரிதாகக் கோபம்கூட வரவில்லை. சில ஆண்களுக்குச் சந்தை பிடிக்காது என்று எடுத்துக்கொண்டேன். பிரிந்து வந்த பிறகும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது பட்டியலில் பார்க்கிறேன், எட்டு மணியிலிருந்து பதினொரு மணி வரை பாசார். அப்படியென்றால் அவருக்குச் சந்தை பிடிக்காமல் இல்லை. என்னோடு இறங்கத்தான் பிடிக்கவில்லை.

அவர் வேறு கல்யாணம் செய்துகொண்டது எனக்கு இப்படி எரியவில்லை. புக்கிட் பெருந்துங்கில் வீடு வாங்கியதும் எரியவில்லை. அவள் காரை எடுத்துக்கொண்டு உன்னைப் பார்க்க என்னைவிட அதிகமாக வருகிறாளே, அது கொஞ்சம் எரிகிறது. ஆனால் இந்த மூன்று மணி நேரத்தை என்னால் தாங்க முடியவில்லை. அவள் முன்னால் நடப்பாள். அவர் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவார். கண்ணை மூடினால் அதுதான் தெரிகிறது. அதில் நீயும் சிரித்துக்கொண்டு நிற்கிறாய்.

போகாதே என்று அவரிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. அவளிடமும் இல்லை. உன்னிடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். வேண்டாம் என்று சொல்லிவிடு.

அம்மா

சபாக் பெர்ணம், மாணவியர் விடுதி
20 மே 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

சொல்லிவிட்டேன். நேற்று வரிசையில் நின்று ஆன்ட்டிக்குத்தான் ஃபோன் செய்தேன். கருவாட்டு வாடை எனக்குத் தலைவலி கொடுக்கும் என்றேன். அவர், "சரி லா, பீச்சுக்குப் போவோம்" என்றார். மறுபடி கேட்கவே இல்லை. கேட்டிருந்தால்கூட எனக்குப் பரவாயில்லை.

நான் உங்களுக்காகப் பொய் சொல்லியிருக்கிறேன். இது உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கட்டும். எனக்கு இல்லை.

பயணம் முடிந்ததும் நேராக உங்களிடம் வருகிறேன். மீதி விடுமுறை அங்கேதான்.

லோகேஸ்வரி

சபாக் பெர்ணம், மாணவியர் விடுதி
4 ஜூன் 2024

அன்புள்ள அம்மாவுக்கு,

ஐந்து நாள் உங்களோடு இருந்தேன். நண்டு வாங்கி வந்து சமைத்தீர்கள். என் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே கடல் எப்படி இருந்தது என்று கேட்டீர்கள். நன்றாக இருந்தது என்றேன். சந்தையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை என்ற நிம்மதியில் இருந்தீர்கள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் சொல்ல முடியவில்லை. இப்போது எழுதுகிறேன்.

இரண்டாம் நாள் காலை கடற்கரைக்குப் போகும் வழியில் சந்தையைத் தாண்ட வேண்டியிருந்தது. நெரிசலில் கார் சரியாக அங்கேயே நின்றுவிட்டது. ஆன்ட்டி கண்ணாடியை இறக்கி வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா சிரித்தார். "நல்ல வேளை, லோகா காப்பாத்திட்டா. பாசார்ல என்னா இருக்கு? பொம்பளைங்க பேரம் பேசறத பாக்கவா இவ்ளோ தூரம் வந்தோம்?" என்றார்.

நீங்கள் எழுதிய அதே வார்த்தைகள் அம்மா.

அந்தப் பட்டியல் ஆன்ட்டி போட்டது. அப்பா சரி என்று தலையாட்டியிருக்கிறார், அவ்வளவுதான். நீங்க ரெண்டு பேரும் போங்க, நான் கார்லயே படுத்துக்கறேன் என்று முன்னமே சொல்லிவிட்டாராம். நீங்கள் கண்ணை மூடிப் பார்த்த படத்தில் அவர் எந்த இடத்திலும் இல்லை.

ஆன்ட்டி கண்ணாடியை ஏற்றிவிட்டார். பின் சீட்டிலிருந்து அவர் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது முன் சீட்டில் நீங்கள் அப்படித்தான் உட்கார்ந்திருப்பீர்கள். என்னால் அதற்கு மேல் சும்மா இருக்க முடியவில்லை. "ஆன்ட்டி, எனக்குத் தலைவலியெல்லாம் இல்ல. எறங்குவோமா?" என்றேன். கார் நின்ற இடத்திலேயே இரண்டு பேரும் இறங்கிவிட்டோம். அப்பா எங்களைக் கூப்பிட்டதும் பின்னால் ஹாரன் அடித்ததும் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்று மணி நேரம் உள்ளே இருந்தோம். என்னென்ன பார்த்தோம் என்று எழுதினால் உங்களுக்கு வலிக்கும், விட்டுவிடுகிறேன். மாடியில் நின்றுகொண்டிருந்தபோது, முதலில் ஏன் வேண்டாம் என்றாய் என்று ஆன்ட்டி கேட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வேன், சிகரெட், எல்லாம். அவர் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் சொன்னார்: "ஒங்கம்மாவுக்கு வெளிய போறதே புடிக்காதுன்னு ஒங்கப்பா சொல்லியிருக்காரு. நானும் அதை நம்பிட்டேன்."



உங்கள் சொல்லை மீறிவிட்டேன். உங்கள் கதையையும் கேட்காமல் எடுத்துக் கொடுத்துவிட்டேன். திட்டுங்கள். ஆனால் பதில் எழுதுங்கள்.

லோகா

சபாக் பெர்ணம், மாணவியர் விடுதி
25 ஜூன் 2024

அம்மா,

மூன்று வாரம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை ஃபோன் செய்தால் சாப்பிட்டாயா, படித்தாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறீர்கள். நீங்கள் என்னைத் திட்டியே பழக்கம். பேசாமல் இருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இனி அப்பா எங்கே கூப்பிட்டாலும் போக மாட்டேன் என்று எழுதித் தர வேண்டுமா? தருகிறேன்.

லோகா

கோத்தா பாரு
10 ஜூலை 2024

என் கண்ணு லோகாவுக்கு,

மேலே இருக்கும் ஊர்ப் பெயரைப் பார்த்துப் பயப்படாதே. எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் அவளோடும் இறங்கவில்லை. அசிங்கமான சந்தோஷம், இருந்தாலும் உன்னிடம் மறைக்கவில்லை. அது ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. நீயும் அவளும் மூன்று மணி நேரம் என்பது நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொண்டது. என் புருஷன் அவள் வீட்டுக்குப் போனபோது வராத எரிச்சல் அது. நான் யாரிடமும் சொல்லாததை உன்னிடம் சொன்னேன். நீ அதை அவளிடம் சொன்னாய். அதைக் கேட்டு அவள் உன் பக்கத்தில் இன்னும் ஓர் அடி நெருங்கிவிட்டாள். இரண்டு முறை உனக்கு எழுதிக் கிழித்துப் போட்டேன். இரண்டும் உன்னைச் சுடுகிற மாதிரியே வந்தன.

எதையும் எழுதித் தருகிறேன் என்று நீ எழுதினாயே, அதைப் படித்துத்தான் எனக்கு வெட்கமாகப் போனது. உன்னை எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறேன் என்று தெரிந்தது.

போன வாரம் ஆபீஸ் கிராணியிடம் மூன்று நாள் லீவு கேட்டேன். "யாருக்கு என்னாச்சு?" என்றார். "யாருக்கும் ஒண்ணும் ஆகல. நான் ஊர் பாக்கப் போறேன்," என்றேன். கல்யாணம், சாவு, உனக்குக் காய்ச்சல், இது எதுவும் இல்லாமல் நான் எடுத்த முதல் லீவு. நேற்று காலை பஸ் ஏறி ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து வந்தேன். இப்போது சந்தையின் மாடியில் ஒரு சாப்பாட்டுக் கடை மேசையில் இருந்து எழுதுகிறேன்.

காலையில் வாசலில் ரொம்ப நேரம் நின்றேன். வருகிறவர்கள் எல்லாம் இரண்டு பேர், மூன்று பேராக வந்தார்கள். உள்ளே போயும் முதலில் நான் சந்தையைப் பார்க்கவில்லை. நீங்கள் இருவரும் எந்தப் படியில் ஏறியிருப்பீர்கள், எந்தக் கைப்பிடியில் சாய்ந்திருப்பீர்கள் என்றுதான் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு தாயும் மகளும் மாங்காய் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் போகாமல் சுற்றிப் போனேன்.

கீரை விற்கும் ஒருத்தியிடம் நின்று இஞ்சிப்பூ விலை கேட்டேன். என் வயதுதான் இருக்கும். "சொராங் சாஜா?" என்றாள், தனியாகவா வந்தாய் என்று. ஆமாம் என்றேன். என் கையைப் பார்த்து என்ன வேலை என்று கேட்டாள். செம்பனைக் கன்று வளர்க்கிறேன், என் கீழே ஒன்பது பேர் என்றேன். மலாய் மொழியில் சொல்லும்போது அது பெரிய வேலையாகக் கேட்டது. கீரைக்கு நான் என்ன உரம் போடுவேன் என்று கேட்டாள். பேச்சு வளர்ந்தது. பிறகு கூடையைத் தள்ளி இடம் செய்து, கொஞ்சம் பார்த்துக்கொள், டீ வாங்கி வருகிறேன் என்று என்னை மேடையில் ஏற்றிவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டு கட்டு விற்றேன். மூன்றாவதாக வந்தவர் பாதி விலைக்குக் கேட்டார். முடியாது என்றேன். அவள் வந்ததும் சொன்னேன். நான் குறைத்திருப்பேனே என்று சிரித்தாள்.

பொறாமை போய்விட்டது என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். நாளைக்கே நீ 'ஆன்ட்டி சொன்னார்' என்று ஆரம்பித்தால் எனக்குச் சுருக்கென்றுதான் இருக்கும். அது என் பாடு, உன் பாடு இல்லை. எங்கே போகலாம், யாரோடு போகலாம் என்று இனிமேல் என்னைக் கேட்காதே. போய் வந்ததை மட்டும் எழுது. எனக்கு வலிக்கும் என்று எதையும் விடாதே. அவள் இங்கே என்ன வாங்கினாள் என்று எழுத மறந்துவிட்டாய், அதையும் எழுது.

துணிக் கடைகள் இருக்கும் பக்கத்தை நான் இன்னும் பார்க்கவில்லை. அவசரம் ஒன்றும் இல்லை. பஸ் நாளைக்குத்தான்.

உன் அம்மா
உஷாராணி