பதினொரு பேருக்குக் காய்ச்சல்

கள்ளக்குறிச்சி
9.4.2025

அன்புள்ள நர்மதா,

நலம். நீயும் நலமாகத்தான் இருப்பாய். மாவட்டத் தேர்வில் தொண்ணூற்றொன்று வாங்கியவளுக்கு என்ன குறை? எனக்கு எண்பத்தெட்டு. போன வருடம் வினாடி வினாவிலும் நீதான் முதல், நான் இரண்டாவது. வாழ்த்து எழுத மூன்று முறை தாள் எடுத்தேன், வரவில்லை. இப்போதும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாமை விற்க வந்த உங்கள் அப்பா எங்கள் வீட்டுக்கும் வந்தார். அந்தத் தேர்வை வைத்துப் போட்ட பள்ளிகளின் தரவரிசையைப் போனில் காட்டினார். எங்கள் பள்ளி மூன்றாவது, வெள்ளிமலையில் உங்கள் பள்ளி முப்பத்தோராவது. "அங்க கெடந்து எம்பொண்ணு இன்னாத்தப் படிக்கும்? இதுகூடவே சேத்துடறேன்" என்று என்னைக் காட்டிச் சொன்னார். "சேருங்க, இதுக்கும் ஒரு போட்டி வேணும்" என்று அம்மா சிரித்தாள்.  வகுப்பில் நான்தான் முதல். நீ வந்தால் அது போய்விடும்.

போனை வாங்கிப் பட்டியலைக் கடைசிக் கட்டம் வரை படித்தேன். உங்கள் ஒன்பதாம் வகுப்பில் இருபத்தாறு பேர், எழுதியதும் இருபத்தாறு. சராசரி ஐம்பத்தெட்டு. எங்கள் வகுப்பில் நாற்பத்திரண்டு பேர், எழுதியது முப்பத்தொன்று. சராசரி எழுபத்து நான்கு.

மீதிப் பதினொரு பேரைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தேர்வுக்கு முதல் நாள், மதிப்பெண் குறைவாக வாங்குபவர்களை எழுப்பி நிறுத்தி, "நாளைக்கு வர வேணாம்" என்றார் எங்கள் வகுப்பு சார். "உன் கையெழுத்து அழகா இருக்கு, எல்லாருக்கும் ஜுரம்னு லீவ் லெட்டர் எழுதிடும்மா" என்று என்னிடம் சொன்னார். எழுதினேன். "எனக்குப் பல்வலின்னு எழுது இலக்கியா. ஜுரம்னா எங்கம்மா கஞ்சிதான் ஊத்தும்" என்றான் அஜித்குமார். எல்லாரும் சிரித்தோம். பிறகு அவன் மெதுவாக, "எனக்குப் பின்னக் கணக்கு வரும், நான் எழுதுவேன்" என்றான். அவனுக்கும் ஜுரம் என்றே எழுதினேன்.

அந்தப் பதினொரு பேரும் வந்து ஆளுக்கு இருபது வாங்கியிருந்தால், எங்கள் சராசரி அறுபதுக்குக் கீழே. கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். உங்கள் பள்ளிக்கும் எங்கள் பள்ளிக்கும் இடையில் இருப்பது அவ்வளவுதான்.

ஆகவே அந்த மூன்றாவது இடத்தை நம்பி வராதே. இதை எழுதும்போதே, நீ வராமலிருந்தால் எனக்குத்தான் நல்லது என்றும் தெரிகிறது. உண்மையைச் சொல்கிறேனா, உன்னைத் தடுக்கிறேனா? எனக்கே விளங்கவில்லை. அதனால், சொல்ல விருப்பமில்லாததையும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஆய்வகம் இருக்கிறது. வாரம் ஒரு நாள் நூலகத்துக்கு விடுகிறார்கள். பத்தாம் வகுப்புக் கணக்குக்கு விஜயலட்சுமி டீச்சர். எத்தனை முறை கேட்டாலும் சலித்துக்கொள்ள மாட்டார். உனக்கு மிகவும் பிடிக்கும்.

இதை அப்பாவிடம் முழுதாகப் படித்துக் காட்டு. என் பொறாமையையும் விடாமல் படி. பிறகு முடிவு செய்யுங்கள். வருவதானால் ஜூனில் பள்ளி திறக்கும் அன்றே வந்துவிடு. நடுவில் வந்து முந்தினால் என்னால் தாங்க முடியாது.

இன்று முதல் பெஞ்சில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து பார்த்தேன். இன்னொருத்திக்கு இடம் இருக்கிறது.

உன் தோழி,
இலக்கியா