என் பட்டறைக்குப் படியேறி வந்துவிட்ட இருநூற்றுப் பதினேழு பேர்

அனுப்புநர்
உரிமையாளர் (‘மோட்டார் அக்கா’ என்று கேட்டால் தெருவில் யாரும் வழி சொல்வார்கள்),
மின்விசிறி, மோட்டார், சலவை இயந்திரம் பழுதுபார்க்கும் பட்டறை,
கலைக்கூடத்தின் முன்கட்டடம், முதல் மாடி.

பெறுநர்
இயக்குநர் அவர்கள்,
நகரக் கலை நிகழ்ச்சிகள் அலுவலகம்.

பொருள்: பின்கட்டுக் கலைக்கூடத்தில் ஒன்பது நாள் நடந்த சிற்பக் காட்சிக்குப் பார்வையாளர் வராமற்போகக் காரணமானவர் மீது புகார் அளித்தலும், அக்காட்சியை மீண்டும் நடத்த அனுமதி கோருதலும் – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலகம் வெளியிட்ட ‘இந்த மாதம் நகரில்’ கையேடு, பக்கம் ஆறு. 2. சிற்பிக்குத் தாங்கள் அனுப்பிய கடிதம். 3. எனது வேலைப் பதிவேட்டில் தங்கள் கையெழுத்துள்ள பக்கம் (நகல் இணைப்பு).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம்.

1. நான் இந்தத் தொழிலில் இருபத்திரண்டு வருடமாக இருக்கிறேன். மனு எழுதிப் பழக்கமில்லை. பழுது கண்டுபிடித்துத்தான் பழக்கம். மோட்டார் ஓடவில்லை என்று ஒருவர் வந்தால் எடுத்த எடுப்பில் அதைப் பிரித்துப் போட மாட்டேன். முதலில் பிளக் சரியாகச் சொருகியிருக்கிறதா என்று பார்ப்பேன். பாதிப் பழுது அங்கேயே அகப்பட்டுவிடும். இந்த விவகாரத்தையும் அதே வரிசையில்தான் பார்த்திருக்கிறேன். குற்றவாளி யார் என்பது ஆறாம் பத்தியில் வருகிறது. அதுவரை பொறுமையாகப் படிக்க வேண்டுகிறேன்.

2. தங்கள் கையேட்டின் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. என் கணவர் பேருந்து ஓட்டுநர். அவருக்கு ஓய்வு கிடைக்கும் நாளில் இருவரும் கையேட்டைப் புரட்டி, பூங்காவில் இசை, நூலக மாடியில் நாடகம், ஆற்றோரத்தில் புகைப்படக் காட்சி என்று ஏதாவது ஒன்றைப் பார்த்துவிட்டு வருவோம். இவ்வளவு பெரிய நகரத்தில் நுழைவுச்சீட்டு இல்லாமல் கண்ணுக்கும் காதுக்கும் இவ்வளவு கிடைப்பது தங்கள் அலுவலகத்தால்தான். நாடகம் பாதி நடக்கும்போதே என் கணவர் குறட்டை விடுவது அவருடைய குறை, நாடகத்தின் குறை அல்ல.

3. கையேட்டின் ஆறாம் பக்கத்தில் ‘வேலை நேரம் – பன்னிரண்டு இரும்புச் சிற்பங்கள்’ என்று அச்சாகியிருந்தது. சிற்பி ஒரு வெல்டர். பகலில் இரும்புக் கேட் செய்யும் கடையில் வேலை பார்க்கிறாள். விடுமுறை நாள்களில் அதே கடை மூலையில் நான்கு வருடம் உட்கார்ந்து இந்தப் பன்னிரண்டையும் செய்திருக்கிறாள். கலைக்கூடம் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் இருக்கிறது. பார்வையாளர்கள் என் படிக்கட்டுக்குப் பக்கத்தில் உள்ள சந்து வழியாகத்தான் போக வேண்டும். சந்தின் முகப்பிலுள்ள தூணில் ‘சிற்பக் காட்சிக்குச் செல்லும் வழி’ என்ற அம்புக்குறிப் பலகையைத் தங்கள் ஊழியர் முந்தைய நாளே ஒழுங்காகக் கட்டிவிட்டுப் போனார். அவர் மீது தவறில்லை. அவரைக் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம்.

4. காட்சியின் முதல் நாள் பதினொரு மணி சுமாருக்கு ஓர் இளம் தம்பதி என் பட்டறைக்குள் வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்கள். பழுதான பொருள் எதையும் கொண்டுவரவில்லை. “என்ன கோளாறு?” என்று கேட்டேன். அந்தப் பெண் யோசித்துவிட்டு, “தெரியலைங்க, உள்ள வந்ததும் மனசு என்னமோ பண்ணுது” என்றாள். வெயிலில் வந்திருக்கிறார்கள் என்று தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தேன். அவர்கள் போவதற்குள் இன்னும் நான்கு பேர். ஆணியில் மாட்டியிருந்த ஒற்றை மின்விசிறி இறக்கைகளின் முன் ஒரு பெரியவர் கால் மணி நேரம் நின்றார். மற்ற இறக்கைகள் எங்கே என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். “தெரியாதுன்னு சொல்றீங்க பாருங்க, அங்கதான் நிக்கிறீங்க” என்று என் எண்ணெய்க் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனார். கொடியில் காய்ந்த அழுக்குத் துணியை ஒருவர் ஏழு படம் எடுத்தார். மேசை மேல் கிடந்த வேலைப் பதிவேட்டைக் கருத்துப் புத்தகம் என்று நினைத்து யாரோ எழுதத் தொடங்க, பின்னால் வந்தவர்களும் எழுதினார்கள். ஒன்பது நாளில் கையெழுத்துப் போட்டவர்கள் மட்டும் இருநூற்றுப் பதினேழு பேர்.

5. ஐந்தாம் நாள் தாங்களே இரண்டு அலுவலர்களுடன் நேரில் வந்தீர்கள். திறந்து கிடந்த ஒரு சலவை இயந்திரத்தின் முன் வெகுநேரம் நின்று, “இதுக்கு எத்தனை நாள் ஆச்சு?” என்று கேட்டீர்கள். “முந்தாநாள் திறந்தேன் சார். பாகம் வரல, அப்படியே நிக்குது” என்று உள்ளதைச் சொன்னேன். தாங்கள் அலுவலர்களிடம் திரும்பி, “பாருங்க, எவ்வளவு எளிமையா சொல்றாங்க” என்றீர்கள். பிறகு பதிவேட்டை வாங்கி, ‘தண்ணீர் வெளியேறவில்லை’ என்ற பதிவுக்கும் ‘சுற்றும்போது சத்தம்’ என்ற பதிவுக்கும் நடுவில் எழுதியது இது: “பயன் தீர்ந்த பொருள்களின் மௌனத்தைச் சிற்பி பேசவைத்திருக்கிறார். மக்களின் வரவேற்பு மனநிறைவு தருகிறது.” தங்கள் தமிழ் நன்றாக இருந்தது. அந்த இயந்திரம் அடுத்த வாரம் சரியாகிவிட்டது. இப்போது ஒரு வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருக்கிறது.

6. இனி பிளக்குக்கு வருகிறேன். முதல் நாள் காலை ஒரு பெரிய சலவை இயந்திரம் வந்து இறங்கியது. தூக்கி வந்தவர்கள், “அக்கா, இந்தப் பலகைய எடுத்தாத்தான் மெஷினைத் திருப்ப முடியும்” என்றார்கள். நானே கம்பியை முறுக்கி அவிழ்த்தேன். இயந்திரம் மேலே போனதும் பலகையை எடுத்து, இனிமேல் இடிக்காதபடி என் படிக்கட்டின் கைப்பிடியில் கட்டினேன். படிக்கட்டு சாய்வு, பலகையும் அதே சாய்வு, அம்பு நேராக என் மாடியைக் காட்டியது. நான் கட்டினால் லேசில் அவிழாது. ஆகவே இந்தப் புகாரில் குற்றம் சாட்டப்படுபவர் நான்தான்.

அறியாமல் செய்தது என்று முதல் இரண்டு நாளுக்குச் சொல்லலாம். மூன்றாம் நாள் ஒருவர் கையேட்டை நீட்டிக் கேட்டபோது எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கீழே போய்ப் பலகையைப் பார்த்தேன். கையில் குறடும் இருந்தது. அவிழ்க்கவில்லை. மேலே வந்து பட்டறையைப் பெருக்கினேன். இறக்கைகளை அளவு வாரியாக மாட்டினேன். இருபத்திரண்டு வருடமாக இந்த அறைக்குள் வருகிறவர்கள் தங்கள் பொருளை மட்டும்தான் பார்ப்பார்கள், எப்போது கிடைக்கும் என்று கேட்பார்கள், போய்விடுவார்கள். இவர்கள் நான் மோட்டாருக்குக் கம்பி சுற்றுவதை மூச்சுக் காட்டாமல் நின்று பார்த்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. ஆசை யாரை விட்டது? ஐந்தாம் நாள் தாங்கள் வந்தபோதும் தெரிந்தேதான் வாய்மூடி இருந்தேன்.

7. அதே ஒன்பது நாளும் அந்தச் சிற்பிப் பெண் பின்கட்டில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கடையில் சண்டை போட்டு விடுப்பு வாங்கி வந்திருந்தாள். கடை வண்டி நிற்பது பின்வாசலில் என்பதால் தினமும் அவள் அந்த வழியாகவே வந்து போனாள். பலகை எங்கே இருக்கிறது என்று பார்க்கவே இல்லை. அவளுடைய காட்சிக்கு வந்தவர்கள் நான்கு பேர்: அவள் அண்ணன், அண்ணி, கூடத்தின் காவலாளி, கழிப்பறை எங்கே என்று கேட்டு வந்த ஒருவர். என் படிக்கட்டில் ஓயாத காலடிச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கிறது. “அக்காவுக்கு இந்த வாரம் நல்ல வேலைன்னு நினைச்சேன், சந்தோஷமா இருந்துச்சு” என்று பிறகு என்னிடமே சொன்னாள்.

8. காட்சி முடிந்த மறுவாரம் தங்கள் கடிதம் அவளுக்குப் போனது. காவலாளியின் கணக்குப்படி வருகை நான்கு என்றும், மக்களிடம் ஆர்வம் இல்லாததால் மூன்று வருடத்துக்குக் கூடம் தரப்படாது என்றும் அதில் இருந்தது. இரண்டு நாள் கழித்து அவள் ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு என் படி ஏறினாள். “அக்கா, இதுல செம்புக் கம்பி நிறைய இருக்கு, உங்களுக்கு ஆகும். மீதி பதினொண்ணு வெறும் இரும்பு. மாசக் கடைசியில வெட்டி, கேட் துண்டுகளோட அனுப்பிடுவேன். முதலாளிக்கு மூலை வேணுமாம்” என்று சொல்லிவிட்டு, கடிதத்தையும் காட்டிவிட்டு, உட்காரக்கூடச் செய்யாமல் போய்விட்டாள்.

சாக்கைத் திறந்தேன். உள்ளே முகமில்லாத ஒரு பெண், மடியில் மோட்டாரை வைத்துக் கம்பி சுற்றுகிறாள். முகத்துக்குப் பதில் வெறும் தகடுதான். ஆனால் இரண்டு கையும் அச்சு அசல். சுண்டுவிரலை மடக்கிக் கம்பியை இழுத்துப் பிடிப்பது, பிளந்த இடது கட்டைவிரல் நகம், எல்லாம் இருந்தன. அந்தக் கை என்னுடையது. வெல்டிங் கடை மோட்டாரைச் சரிபார்க்க அவள்தான் கொண்டுவருவாள். நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். வேலையைச் சீக்கிரம் முடிக்கச் சொல்லி நிற்கிறாள் என்று நினைத்து, இரண்டு தடவை சிடுசிடுத்திருக்கிறேன். என்னை நான்கு வருடம் பார்த்தவளைப் பார்க்க வந்த கூட்டத்தை ஒன்பது நாள் நான் என் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டேன். இதற்கு மேல் வெட்கப்பட என்னிடம் ஒன்றும் இல்லை.

9. தங்கள் கவனத்துக்கு ஒன்றைப் பணிவுடன் கொண்டுவருகிறேன். ‘மக்களின் வரவேற்பு மனநிறைவு தருகிறது’ என்பதன் கீழும் தங்கள் கையெழுத்து இருக்கிறது. ‘மக்களிடம் ஆர்வம் இல்லை’ என்பதன் கீழும் அதே கையெழுத்துதான் இருக்கிறது. இரண்டும் ஒரே காட்சியைப் பற்றியவை. இதை மிரட்டல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். என் துணி காயும் கொடியைப் பார்க்க இருநூறு பேர் வரத் தயாராக இருக்கும் நகரத்தில் ஆர்வத்துக்குப் பஞ்சம் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி. வந்தவர்கள் சிற்பம் பார்க்கத்தான் வந்தார்கள். அவர்களுடைய கையெழுத்துகள் அவளுடைய கணக்கில் சேர வேண்டியவை. பதிவேட்டின் அந்தப் பக்கங்கள் முழுவதையும் இணைத்திருக்கிறேன்.

10. எனவே தாங்கள் செய்து தர வேண்டியவை:

மாதக் கடைசிக்கு முன்பே பதில் வேண்டும். அதற்குப் பிறகு வரும் பதிலால் பயனில்லை, இரும்பு போயிருக்கும். மூன்று வருடத் தடைக் கடிதத்தைத் திரும்பப் பெற்று, அவளுக்கு மறுபடியும் ஒன்பது நாள் கூடத்தைத் தர வேண்டும். கையேட்டில் இடம் இல்லையென்றால் துண்டுச் சீட்டாக அச்சடித்துச் செருகினாலும் போதும்.

என் மீது தாங்கள் விரும்பும் நடவடிக்கையை எடுக்கலாம். அனுமதியின்றிக் காட்சி நடத்தினேன் என்று எழுதினாலும் மறுக்க மாட்டேன். காட்சி நடக்கும் ஒன்பது நாளும் பட்டறையைப் பூட்டிவிட்டு, சந்து முனையில் நானே நின்று ஒவ்வொருவரையும் பின்கட்டுக்கு அனுப்புவேன். தாங்களும் வர வேண்டும். இந்த முறை கருத்து எழுதுவதற்கு முன் சிற்பியிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டு எழுதுங்கள்.

அவள் கொண்டுவந்த சிற்பத்தில் ஒரு கம்பியைக்கூட நான் தொடவில்லை. பெரிய துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

நியாயம் நடக்கும் என்ற உறுதியுடன்,
மோட்டார் அக்கா
(ஒப்பம்)

இடம்: பட்டறை, முதல் மாடி
தேதி: பதினெட்டு

நகல்: சிற்பிக்கு, வெல்டிங் கடை முகவரியில்.

தங்கச்சி, இதை உன்கிட்ட நேர்ல சொல்லணும்னு மூணு தடவை கடை வாசல் வரைக்கும் வந்தேன். ஒவ்வொரு தடவையும் உன் முதலாளி கேட் என்ன அளவுன்னு கேட்டாரு, நானும் ஏதோ ஒரு அளவைச் சொல்லிட்டுத் திரும்பிட்டேன். பெரிய ஆபீசருக்கு எழுத எனக்குப் பயமில்ல, உன் முகத்தைப் பாக்கத்தான் பயமா இருக்கு. ஆறாம் பத்தியை ரெண்டு தடவை படி. திட்டணும்னு தோணுச்சுன்னா மேல வா, எவ்வளவு வேணும்னாலும் திட்டு. வராம மட்டும் இருந்துடாத.