தள்ளிப்போடும் மாத்திரை

ஸ்ரீநாத்,

மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையைக் காலையில் என் காபி டம்ளர் பக்கத்தில் வைத்துவிட்டு ஆபீஸ் போயிருக்கிறீர்கள். வியாழக்கிழமை உங்கள் அப்பா திவசமாம், திவசச் சமையல், தளிகை, நான்தான் பண்ண வேண்டுமாம். போடவில்லை. மன்னார்புரம் போகிறேன், அம்மா வீட்டுக்கு.

வைகுண்ட ஏகாதசிக்கும் இதே மாத்திரை, பங்குனி உத்திரத்துக்கும் இதே மாத்திரை. ஒவ்வொரு தடவையும் கடையில் வாங்கி வந்தது நீங்கள். நேற்று, நமக்குக் குழந்தை உண்டாக வைத்தியம் பார்க்கிற டாக்டர், "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று என்னைத்தான் கேட்டார். "ஒண்ணும் கிடையாது டாக்டர்" என்று நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

இன்று நானே டாக்டருக்குப் போன் பண்ணிச் சொன்னேன். "அதுவும் ஹார்மோன்தாம்மா. அது உள்ள போனா, முட்டையை வளர்க்கச் சொல்லி மூளை அனுப்பற உத்தரவு அடங்கிடும். அடிக்கடி இப்படிப் போட்டா நான் எந்தத் தேதியை நம்பி வைத்தியம் பார்க்கறது?" என்றார்.

உங்கள் அம்மா என் வயிற்றைப் பற்றித் தெரு முழுக்கப் பேசினபோது மட்டும் உங்களுக்கு வாய் வரவில்லை.

ராத்திரி சாதத்தில் விட்டுக்கொள்ள சாத்தமுது அடுப்பு மேல் இருக்கிறது. வெள்ளிப் பாத்திரம் எடுக்க பீரோ சாவியை ஃப்ரிட்ஜ் மேல் வைத்திருக்கிறேன். தளிகைக்கு வேறு யாராவது மாமியைச் சொல்லிக்கொள்ளுங்கள். உங்கள் அம்மா கேட்டால், தேதிப்படி வரட்டும் என்று போயிருக்கிறாள் என்று சொல்லுங்கள்.

ரஞ்சனி

சாத்தமுதில் உப்பு கம்மி. வேண்டுமென்று செய்யவில்லை.

மாத்திரை அட்டை என் கைப்பையில் இருக்கிறது. அடுத்த முறை டாக்டர் மேஜை மேல் அதை நான் வைப்பேன். நீங்கள் வெளியில் உட்கார்ந்திருங்கள்.