மறுக்காதவர்களின் கூட்டமைப்பு

6 ஜனவரி, திங்கள்

இன்று நாற்பதாவது உறுப்பினர் சேர்ந்தார். கோவை, திருப்பூர் வட்டாரத்தில் முதியோர் இல்லம், காப்பகம், ஆதரவற்றோர் விடுதி நடத்துகிறவர்களை ஒரே கூட்டமைப்பாக்குவதென்று தலைவர் பிரவின்குமார் முடிவெடுத்து எட்டு மாதமாகிறது. நான் செயலாளர். கல்லூரி நூலகத்திலிருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் விதிமுறைகளை என்னை எழுதச் சொன்னார்கள்.

ஏழாவது விதியில் எனக்குத் தனிப் பெருமை உண்டு. அடைக்கலம் கேட்டு வருபவரை எந்த உறுப்பினரும் மறுக்கக் கூடாது. இடமில்லையென்றால் இன்னோர் உறுப்பினருக்குப் பரிந்துரைச் சீட்டு எழுதி அனுப்ப வேண்டும். அதுவும் சேவையாகவே பதிவாகும். இந்த ஊரில் யாருக்கும் முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல வராது. நான் அதை விதியாக்கினேன், அவ்வளவுதான்.

9 ஜனவரி

உக்கடத்திலிருந்து ரம்ஜான் பீவி என்ற அம்மாள் விண்ணப்பத்தோடு வந்தார். பஸ் நிலையங்களில் கைவிடப்பட்ட ஐந்து பெண்களைத் தன் மூன்று அறை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார். பயனாளிகள் சிரித்தபடி இருக்கும் படம் வேண்டும் என்றேன்.

"அதுக சிரிக்கறதில்லீங்க சார்."

"ஒருத்தர்கூடவா?"

"ஒருத்தி சிரிப்பாளுங்க. ஆனா நிறுத்த மாட்டா."

அந்தப் படத்தையே இணைத்தோம்.

16 ஜனவரி

பிரவின்குமார் விண்ணப்பத்தைப் புரட்டினார். "சேத்துப்போடுங்க சார். குரூப் போட்டோவுல எல்லாச் சனமும் இருக்கோணுமில்லீங்க."

நாற்பத்தொன்று.

21 ஜனவரி

சோமனூர் பஸ் நிலையத்தில் பங்காரம்மா என்ற பெண்ணை யாரோ உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டார்கள். முப்பது வருடம் விசைத்தறியில் நின்றவர். சர்க்கரை நோய், வலது கால் புண் அழுகியிருக்கிறது. நர்ஸ் உள்ள இடமாக வேண்டும். அவரைக் கண்டு கூட்டிவந்த ரம்ஜான் பீவியின் வீட்டில் நர்ஸ் கிடையாது. எங்கள் உறுப்பினர்களில் ஒன்பது பேரிடம் உண்டு.

ரம்ஜான் பீவி அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு முதலில் போனது சரவணம்பட்டி, பிரவின்குமாரின் இல்லம். நல்ல வரவேற்பு. "ஏனுங்கம்மா, காப்பி குடிச்சுப்போட்டுப் போலாமுங்க" என்று உட்காரவைத்து, உடுமலைப்பேட்டைக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்களாம்.

22 ஜனவரி

உடுமலையிலிருந்து பொள்ளாச்சி. அங்கேயும் காப்பி.

23 ஜனவரி

ரம்ஜான் பீவி போன் செய்தார். ஐந்தாவது இடத்தின் வாசலில் நின்று பேசினார்.

"யாராச்சும் ஒருத்தர் இல்லைன்னு சொல்லிப்போடுங்க சார். சொன்னாப் பெரியாஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போயிருவேன். இவிங்க எல்லாரும் அங்க போங்க, எடம் இருக்கும்ங்கறாங்க. நம்பித்தானே போறமுங்க."

இல்லைம்மா, எங்கயும் இடமில்ல, ஆஸ்பத்திரிக்குப் போயிருங்க — இவ்வளவுதான் சொல்லணும். வாய் வரைக்கும் வந்துச்சு. ஏன் சொல்லல? விதியை எழுதினவன் நான் — அதனாலயா? அதுகூட இல்ல. ஒரு அம்மாகிட்ட அப்படிச் சொல்ல எனக்குக் கூச்சமா இருந்துச்சு.

"பார்க்கலாங்கம்மா" என்றேன்.

24 ஜனவரி

பல்லடம் தாண்டி, பங்காரம்மா ஆட்டோவிலேயே இறந்துவிட்டார். பையில் ஆறு சீட்டுகள் இருந்தன. வடிவமைப்பு என்னுடையது. ஆறாவதில் 'அவசரம்' என்ற கட்டத்தில் அழகாக டிக் செய்திருந்தார்கள்.

15 பிப்ரவரி

ஆண்டு விழா. அறிக்கையை நான் வாசித்தேன். பங்காரம்மா அதில் ஆறு பயனாளிகளாக வருகிறார். மறுக்கப்பட்டவர்கள்: எவருமில்லை. கைதட்டல் நீண்ட நேரம் ஓயவில்லை. கடைசி வரிசையில் இருந்த ரம்ஜான் பீவியைப் புகைப்படத்துக்காக நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவரும் சிரிக்கவில்லை.

4 மார்ச்

பிரவின்குமாரின் இல்லத்திலிருந்து சென்னியம்மாள் என்ற மூதாட்டியையும் அவர் மகளையும் ரம்ஜான் பீவிக்குச் சீட்டெழுதி அனுப்பியிருக்கிறார்கள். மூச்சுத் திணறல். ரம்ஜான் பீவி சீட்டை வாங்கவே இல்லையாம். "இல்லீங்க. இங்க எடமில்ல, வேற எங்கயும் கெடைக்காது. பெரியாஸ்பத்திரிக்குப் போயிருங்க" என்று வாசலிலேயே சொல்லி, அவரே ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டிருக்கிறார்.

பிரவின்குமார் கலங்கிப்போய் வந்தார். "மூஞ்சிக்கு நேராவே சொல்லிப்போட்டாங்களாமுங்க சார். அந்தப் பொண்ணு மனசு என்ன பாடுபட்டிருக்கும்?"

சென்னியம்மாள் பத்து மணிக்கே வார்டில் சேர்க்கப்பட்டு, பிழைத்துக்கொண்டார். விதிமீறல் விதிமீறல்தான்.

11 மார்ச்

செயற்குழுவின் முடிவை ரம்ஜான் பீவிக்கு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. மூன்று முறை திருத்தினேன். நீக்கம் என்ற சொல் எங்கும் வரவில்லை. அவருடைய மேலான பணியைக் கூட்டமைப்பு என்றும் நன்றியோடு நினைவுகூரும் என்றும், இனி அவர் மேலும் சுதந்திரமாகச் செயல்பட வாழ்த்துவதாகவும் எழுதினேன். நல்ல கடிதம்.

14 மார்ச்

ரம்ஜான் பீவி போன் செய்தார்.

"கடுதாசி வந்துதுங்க சார். ரெண்டு தடவ படிச்சேன். இது என்னைப் போகச் சொல்றதுங்களா, இருக்கச் சொல்றதுங்களா?"

கோப்பிலிருந்த நகலை எடுத்து நானும் ஒருமுறை படித்தேன்.

"பார்க்கலாங்கம்மா" என்றேன்.