தாய் கழித்தல் மகள்

மல்வேர்ன்
02.02.2025

அன்புள்ள அன்ரனெற்,

போனில் கதைத்தால் இரண்டு பேரும் கத்துகிறோம், கடிதம் எழுதிப் பாருங்கள் என்று இக்னேசியஸ் சுவாமியார் சொன்னார். கையெழுத்து விளங்காவிட்டால் திட்டாதேயும். உம்முடைய றோசலின் அக்கா வீட்டில் வசதிதானே? விட்பியில் இங்கேயைவிடப் பனி கூடவாம். நீர் போன பிறகு எனக்கு ரீ ஊற்றிக் குடிக்கக்கூட அலுப்பாக இருக்கிறது.

வேலையில் இப்போது கம்ப்யூட்டருக்குத் தமிழ் படிப்பிக்கிறோம். பழைய பேப்பர், கதைப் புத்தகம், கோயில் விழா மலர் எல்லாவற்றையும் அதற்குள் கொட்டுகிறோம். எந்தச் சொல் எவற்றோடு சேர்ந்து புழங்குகிறது என்று பார்த்து, ஒவ்வொரு சொல்லுக்கும் அது ஒரு வரிசை எண்களைக் கொடுக்கும். எண் என்றால் கூட்டலாம், கழிக்கலாம்தானே. மச்சானில் இருந்து ஆணைக் கழித்துப் பெண்ணைக் கூட்டினால் மச்சாள் என்று சரியாகச் சொல்கிறது. கொழும்பில் இருந்து இலங்கையைக் கழித்துக் கனடாவைக் கூட்டினேன். ஒட்டாவா என்று சொல்லவேண்டியது, நாங்கள் இருக்கிற ஸ்காபரோ என்றது! எங்கள் ஆட்களின் பேப்பரைப் படித்தால் வேறு என்ன வரும்.

கணவனை இழந்தவளுக்கு ஒரு சொல் இருக்கிறது. பெற்றோரை இழந்த பிள்ளைக்கும் இருக்கிறது. பிள்ளையை இழந்த எங்களுக்கு ஒன்றும் இல்லை. ஜூலி போன நாளில் இருந்து அதையே யோசிக்கிறேன். போன கிழமை தாயில் இருந்து மகளைக் கழித்துப் பார்த்தேன். வந்த விடை நல்லதில்லை, விடும்.

மார்ச் 29 அவளுடைய முதலாம் ஆண்டுத் திருப்பலி. அதற்கு முதல் வீட்டுக்கு வந்துவிடும்.

அன்புடன்
மாக்கஸ்


விட்பி
11.02.2025

அன்புள்ள மாக்கஸுக்கு,

கோழி கிளறிய கையெழுத்துத்தான், ஆனாலும் விளங்கியது. அக்கா இடியப்பமும் சொதியும் தந்து என்னைக் கொழுக்க வைக்கிறா. ஸ்காபரோவை வாசித்துச் சிரித்துவிட்டேன். சிரித்துக் கன காலம். அதற்கு நன்றி.

விடையை ஏன் மறைக்கிறீர்கள்? எங்களுக்கென்று சொல் தேடினால் அதில் எனக்கும் பங்கு இருக்கிறது. தகப்பனில் இருந்தும் கழித்திருப்பீர்கள், உங்களை எனக்குத் தெரியாதா. இரண்டையும் எழுதுங்கள்.

அன்ரனெற்


மல்வேர்ன்
19.02.2025

அன்புள்ள அன்ரனெற்,

நீர் கேட்டபடியால் எழுதுகிறேன். தகப்பனில் இருந்து மகளைக் கழித்தால் 'தலைவர்' என்று வந்தது. தாயில் இருந்து கழித்தால் 'மலடி'.

அது யோசித்துச் சொல்வதில்லை. ஆட்கள் இத்தனை காலமும் எழுதி வைத்ததைத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். ஆனாலும் அதைப் பார்த்ததும் வாஷ்ரூமுக்குள் போய் அழுதேன். பிறகு வந்து அந்தச் சொல்லையே உள்ளே இருந்து எடுத்துவிட்டேன். கூட வேலை செய்கிற அட்சயா, "ஏன் அண்ணை அதை எடுத்தனீங்கள்?" என்று கேட்டாள். "என்ர மனிசி பாத்தாத் தாங்கமாட்டா" என்றேன். இப்போது அதே கணக்கைப் போட்டால், அடுத்ததாக நின்ற 'அம்மா' வருகிறது. இதை உமக்குச் சொல்லவேண்டும்போல் இருந்தது.

எப்போது வருகிறீர்?

மாக்கஸ்


விட்பி
27.02.2025

அன்புள்ள மாக்கஸுக்கு,

அந்தச் சொல் எனக்குப் புதிதில்லை. யூனியன்வில்லில் உங்கள் அக்கா வீட்டு ஞானஸ்நான விருந்து ஞாபகம் இருக்கிறதா? ஜூலியை அடக்கம் செய்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. அக்காவின் மகள் நிரோஷினி தன் குழந்தையை என் கையில் தந்தாள். மடியில் வைத்துக்கொண்டு அழாமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உங்கள் அக்கா ஓடி வந்தா. "நல்ல நாளும் அதுவுமாப் பிள்ளையை உவளிட்டக் குடுக்காதை" என்று சொல்லிக் குழந்தையைப் பறித்துக்கொண்டு போனா.

நீங்கள் பக்கத்தில் நின்று ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தீர்கள். கண்டீர்கள், கேட்டீர்கள். காரில் வரும்போது, "அக்காவுக்கு வயது போட்டுது, விடும்" என்றீர்கள். அதற்குப் பிறகுதான் நான் விட்பிக்கு வந்தேன். நீங்கள் எனக்குப் பனியையும் ரீயையும் எழுதுகிறீர்கள்!

உங்கள் கம்ப்யூட்டருக்கு முன்னமே உங்கள் அக்கா அந்தக் கணக்கைப் போட்டுவிட்டா. கம்ப்யூட்டரில் இருந்து அதை எடுத்தீர்கள், சந்தோசம். ஆனால் அது என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லையே. பார்த்துச் சொன்னவவிடம் போய் ஒரேயொரு வசனம் சொல்லுங்கள்: "அன்ரனெற் ஜூலியின்ர தாய்." சண்டை பிடிக்க வேண்டாம், மன்னிப்பும் கேட்பிக்க வேண்டாம். சொல்லிவிட்டேன் என்று எழுதுங்கள், அன்றைக்கே பெட்டியைக் கட்டுகிறேன். எனக்கும் வீட்டுக்கு வர ஆசைதான்.

அன்ரனெற்


மல்வேர்ன்
09.03.2025

அன்புள்ள அன்ரனெற்,

சொல்லத்தான் யூனியன்வில்லுக்குப் போனேன். அக்கா பிரஷர் கூடிப் படுத்திருந்தா. மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். என்னை ஸ்பொன்சர் பண்ணிக் கனடாவுக்குக் கூப்பிட்டது அவதானே. படுக்கையில் கிடக்கிறவவிடம் எப்படி அதைச் சொல்வது?

திருப்பலிக்கு அவவும் வருவா. நான் நடுவில் இருக்கிறேன், நீர் ஒரு பக்கம், அவ மற்றப் பக்கம். ஒன்றையும் பெரிசுபடுத்தாதேயும். நான் சும்மா இருக்கவில்லை. 'பிள்ளையில்லாதவள்', 'கொடுத்துவைக்காதவள்' என்று அந்தச் சொல்லைச் சுற்றி நின்றவற்றையும் தேடித் தேடி எடுத்துக்கொண்டிருக்கிறேன். எல்லாம் உமக்காகத்தான்.

மாக்கஸ்


விட்பி
16.03.2025

மாக்கஸுக்கு,

உங்கள் கடிதத்தைக் கண்டதும் பெட்டியைக் கீழே இறக்கி வைத்துவிட்டுத்தான் உறையைப் பிரித்தேன். வாசித்து முடித்து, பெட்டியின்மேலேயே இருந்து அழுதேன். உங்களில் எனக்கு இன்னும் அன்பு இருக்கிறது. அதுதான் பெரிய கொடுமை.

இனி அக்காவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். நேற்று இக்னேசியஸ் சுவாமியாருக்குப் போன் பண்ணினேன். திருப்பலி தொடங்க முதல், யாருக்காக யார் ஒப்புக்கொடுப்பது என்று மைக்கில் வாசிப்பாரே, அதை நானே சொல்லி எழுதுவித்தேன்: "ஜூலியின் ஆன்ம இளைப்பாற்றிக்காக, அவளுடைய தாய் அன்ரனெற்."

"தகப்பன்ர பேர் போடேல்லையோ பிள்ளை?" என்று கேட்டார்.

"அவர் தன்ர பேரைத் தானே வந்து சொல்லட்டும், ஃபாதர்" என்றேன்.

கோயில் முழுக்கக் கேட்கும். உங்கள் அக்காவுக்கும் கேட்கும். நான் முன்வரிசை வாங்கில் இருப்பேன். நீங்கள் பின்னால் அக்காவோடு இருங்கள். பூசை முடிய றோசலின் அக்கா காரோடு நிற்பா, நான் விட்பிக்குத் திரும்பிவிடுவேன். என்னிடம் இருந்த வீட்டுப் பூட்டின் திறப்பை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன்.

ஜூலியின் அம்மா